பண்டிகை முடிந்த பத்து நாள்: உடம்பை வழக்கத்துக்குத் திருப்புவது எப்படி?



வாசலில் தொங்கவிட்ட காகித நட்சத்திரம் இன்னும் இறக்கப்படவில்லை. டின்னில் அச்சு முறுக்கு கொஞ்சம் மீதி இருக்கிறது. மகன் செனவாங் தொழிற்சாலைக்கும், மகள் கோலாலம்பூருக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் போய்விட்டு விடிய இரண்டு மணிக்குப் படுத்த அப்பா, ஜனவரி 2-ஆம் தேதி காலை நாலரைக்கு எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும். "எழுந்திரிங்க, நேரமாச்சு" என்று அம்மா தட்டி எழுப்புகிறார். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். உடம்பு மட்டும் இன்னும் எழவில்லை.

கோலா சாவா, ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது புதிய காட்சி அல்ல. ரப்பர் மரங்கள் பெரும்பாலும் செம்பனையாக மாறிவிட்டன. லயத்து வீட்டை விட்டுத் தாமான் வீடுகளுக்குப் பலர் போய்விட்டார்கள். ஆனாலும் கிறிஸ்துமஸ் வந்தால் பிள்ளைகள் அப்பா அம்மா வீட்டுக்கு வருகிறார்கள். கோழிக்கறி கொதிக்கிறது. அண்டை வீட்டு இந்துக் குடும்பத்துக்குப் பலகாரத் தட்டு போகிறது. இதெல்லாம் நல்லதுதான். உழைப்பவனுக்கு ஆண்டில் சில நாளாவது சிரித்துச் சாப்பிட உரிமை உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பண்டிகை நாளில் வருகிற கேட்டைவிட, பண்டிகை முடிந்த பத்து நாளில் வருகிற கேடு பெரிது. விட்டுப்போன மாத்திரை, கெட்டுப்போன தூக்கம், வெயிலை மறந்துபோன உடம்பு, திடீரென்று நிறுத்திய குடி எல்லாம் அப்போதுதான் ஒன்றாகச் சேர்கின்றன. வழக்கத்துக்குத் திரும்புவதும் ஒரு வேலைதான். அதைப் படிப்படியாகச் செய்ய வேண்டும். எப்படி என்பதை இந்த மாதம் பார்ப்போம்.

உடம்புக்கும் ஒரு கடிகாரம் உண்டு

நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது பசிக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. பத்து நாள் நள்ளிரவு வரை விழித்திருந்தால் அந்தக் கடிகாரம் பின்னால் தள்ளிப்போய்விடும். அதை ஒரே ராத்திரியில் பழைய இடத்துக்குத் திருப்ப முடியாது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் அது நகர்ந்து கொடுக்கும்.

பால் மரம் வெட்டுகிறவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். விடியுமுன் மரத்துக்குள் நீரின் அழுத்தம் அதிகமாக இருக்கும். வெயில் ஏறினால் இலைகள் வழியாக நீர் ஆவியாகிப் பாலின் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டிலேயே வெட்டப் போகிறோம். நம் வசதிக்காக மரம் காத்திருக்காது.

ஆகவே வேலை தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னமே, எழுந்திருக்கும் நேரத்தைச் சரி செய்யுங்கள். ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் குறித்த நேரத்தில் எழுந்துவிடுங்கள். எழுந்ததும் வெளியே வந்து வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பகலில் தூங்கத்தான் வேண்டுமென்றால் அரைமணி போதும். மாலை நான்கு மணிக்குமேல் கோப்பி வேண்டாம். இரண்டு மூன்று நாளில் ராத்திரித் தூக்கம் தானாக முன்னே வந்துவிடும்.

முதல் நாளே முழு வேலை வேண்டாம்

செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். தினமும் வெயிலில் வேலை செய்கிறவனின் உடம்பு அந்தச் சூட்டுக்குப் பழகியிருக்கும். சீக்கிரம் வியர்க்கும், வியர்வையில் உப்பு குறைவாகப் போகும், நெஞ்சுத் துடிப்பும் கட்டுக்குள் இருக்கும். ஒரு வாரம் நிழலில் இருந்துவிட்டால் இந்தப் பழக்கம் கழன்றுபோகத் தொடங்கிவிடும். "இருபது வருஷமா குலை வெட்டுறேன், எனக்கா வெயில்?" என்று சொல்கிறவரையும் வெயில் விடாது.

பழகிய தொழிலாளி ஒரு வாரத்துக்குமேல் வேலையை விட்டிருந்தால், சூடான இடத்தில் முதல் நாள் பாதி வேலை, இரண்டாம் நாள் நூற்றுக்கு 60, மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் முழு வேலை என்று ஏற்றிக்கொள்ள வேண்டும் என அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்கிறது. "கூலி குலைக்கணக்கில் இருக்கும்போது பாதி வேலைக்குப் பாதிக் கூலிதானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முதல் நாள் மயங்கி விழுந்தால் அந்த மாதக் கூலியே போய்விடும். முழுதாகக் குறைக்க முடியாவிட்டாலும் இவற்றையாவது செய்யுங்கள்:

பாரமான வேலையைப் பத்து மணிக்குள் முடியுங்கள். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நெஞ்சு நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் தனியாக நிரைக்குள் போகாதீர்கள், இருவராகப் போங்கள். வேலைப் பங்கீட்டைப் பற்றி மண்டோரிடம் முன்கூட்டியே பேசுங்கள். தனியாளாகக் கேட்கத் தயங்கினால் தோட்டக் கமிட்டித் தோழரை அழைத்துக்கொண்டு போங்கள்.

கூட வேலை செய்கிறவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அது வெயில் அடி. உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ச் சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 999-க்குக் கூப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

பலகாரமும் மாத்திரையும்

இனிப்புநீர் வியாதி நம் ஜனங்களை எவ்வளவு பிடித்திருக்கிறது தெரியுமா? 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 31 பேர். ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். தோட்டத்து வீட்டில் பண்டிகைக்கு ஆறு பெரியவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டால், அதில் இரண்டு பேர் இனிப்புநீர்க்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பண்டிகை வாரத்தில் என்ன நடக்கிறது? "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று கேக்கும் அதிரசமும் டின் பால் கோப்பியும் போகின்றன. கோயிலுக்குப் போகும் அவசரத்தில் மாத்திரை மறந்துபோகிறது. இது முதல் தவறு. இரண்டாவது தவறு அதைவிட மோசமானது. விட்டதை எல்லாம் சரிக்கட்டுவதாக நினைத்து இரண்டு வேளை மாத்திரையை ஒன்றாக விழுங்குவது, அல்லது "நிறையச் சாப்பிட்டாச்சு" என்று பயந்து வெறும் வயிற்றோடு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது.

ஊசி போடுகிறவர்களுக்கும், சில வகை இனிப்புநீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதனால் இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கிவிடும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குளறும், காரணமில்லாமல் கோபம் வரும். பார்க்கிறவர்கள் "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்" என்று நினைத்து ஒதுங்கிப் போய்விடுவார்கள். உதவி கிடைக்காமல் அந்த மனிதர் நிரையிலேயே சுருண்டு விழக்கூடும்.

இப்படி யாருக்காவது வந்தால், நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் ரொட்டியோ சோறோ சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் போடாமல் 999-ஐக் கூப்பிடுங்கள். இனிப்புநீர்க்காரர்கள் வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்வது நல்லது. அது தின்பண்டம் இல்லை, மருந்து.

இன்னொரு விஷயம், காலைப் பற்றியது. கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் புதுச் சப்பாத்து வாங்குகிறோம். கோயிலில் இரண்டு மணி நேரம் நின்று வந்தால் குதிகாலில் கொப்புளம். மற்றவர்களுக்கு அது நான்கு நாளில் ஆறிவிடும். இனிப்புநீர்க்காரருக்குக் காலில் உணர்வு மங்கியிருப்பதால் கொப்புளம் வந்ததே தெரியாது. அதே காலை ஈர ரப்பர் பூட்ஸுக்குள் விட்டு வேலைக்குப் போனால் புண் பழுத்து, விரலையோ காலையோ எடுக்கும் நிலைகூட வரலாம். புண்ணில் சுண்ணாம்பு, கோப்பித்தூள், பற்பசை எதுவும் தடவாதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அடுத்த நாளே கிளினிக்கில் காட்டுங்கள்.

"இனிமே தொட மாட்டேன்"

ஆண்டுக் கடைசி ராத்திரி ஆராதனையில் எத்தனையோ அப்பாமார்கள் மனதுக்குள் ஒரு பொருத்தனை செய்கிறார்கள்: "இந்த வருஷத்திலிருந்து குடியைத் தொட மாட்டேன்." வீட்டில் இருப்பவர்கள் கண்ணீரோடு சந்தோஷப்படுகிறார்கள். நல்ல முடிவு, யாரும் அதைக் கேலி செய்யக் கூடாது.

ஆனால் தினமும், பல வருஷமாக, அதிகமாகக் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நிறுத்திய முதல் நாளிலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இல்லாததைப் பார்ப்பது, பயந்து ஓடுவது, சித்தம் கலங்குவது வரலாம். இதைப் பார்த்து "பேய் பிடிச்சிருக்கு" என்று மந்திரிக்கவோ, கட்டிப் போடவோ கூடாது. மூளை பல வருஷமாக மதுவுக்குப் பழகி, அது திடீரென்று இல்லாததால் தவிக்கிறது. இதற்கு மருந்து இருக்கிறது. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோங்கள்.

ஆகவே தோழரே, நீங்கள் தினக்குடிகாரராக இருந்தால் பொருத்தனையைக் கைவிட வேண்டாம். அதைக் கிளினிக் வழியாக நிறைவேற்றுங்கள். "டாக்டர், நான் தினமும் இவ்வளவு குடிக்கிறேன், நிறுத்தணும்" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். தாய்மார்களே, அவர் நடுங்குவதைப் பார்த்து இரக்கப்பட்டு மறுபடியும் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். "நல்லா அனுபவி" என்று விட்டுவிடவும் வேண்டாம். போதகரும் ஃபாதரும் ஜெபிக்கட்டும், டாக்டரும் பார்க்கட்டும். ஒன்றுக்கொன்று பகை இல்லை.

குடிப்பதை விடாதவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பண்டிகைக்குப் பிறகு கையில் காசு குறையும்போது மலிவுச் சரக்கைத் தேடிப் போகிறோம். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் செத்தார்கள். குடித்த மறுநாள் கண் மங்கினாலோ, வயிறு பிடித்து வலித்து வாந்தி வந்தாலோ அது சாதாரண மப்பு என்று தூங்கிவிடாதீர்கள். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பூச்சாடித் தண்ணீரில் ஒரு பகைவன்

கிறிஸ்துமஸ் மரம் வைத்த தொட்டி, சுவாமி படத்துக்கு முன் வைத்த பூச்சாடி, விருந்துக்குத் தண்ணீர் பிடித்த வாளி, வெளியே வீசிய டின்கள் எல்லாவற்றிலும் தண்ணீர் தேங்கியிருக்கும். ரப்பர் காட்டில் வெட்டாமல் விட்ட நாளில் பால் மங்குகளிலும் மழைத் தண்ணீர் நிற்கும். டெங்கிக் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதாவது, கிறிஸ்துமஸுக்கு ஊற்றிய தண்ணீரில் புது வருஷத்துக்குக் கொசு பறக்கும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதைப் பிள்ளைகளின் பொறுப்பாக்கிவிடுங்கள்.

காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை வேண்டாம். பாரசிட்டமால் மட்டும் கொடுத்து, இரண்டு நாளுக்குமேல் நீடித்தால் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டெங்கியில் ஆபத்தான நேரம். அப்போது கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்வு கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

பிள்ளைகளும் தனித்துப்போன பெரியவர்களும்

சில ஆண்டுகள் மார்ச்சிலும் பிப்ரவரியிலும் தொடங்கிய பள்ளி ஆண்டு, 2026 முதல் மீண்டும் ஜனவரிக்கு வந்திருக்கிறது. ஆகவே கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளுக்குப் பண்டிகைக்கும் பள்ளிக்கும் இடையே நாட்கள் அதிகம் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும். காலை ஐந்தரைக்கு எழ வேண்டுமானால் எட்டரைக்குப் படுத்தாக வேண்டும். தினமும் அரைமணி முன்னே கொண்டுவந்தால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். கைத்தொலைபேசியைப் படுக்கையில் கொடுக்காதீர்கள். அப்பாவும் அம்மாவும் அப்படியே செய்ய வேண்டும். பெரியவர் செய்வதைத்தான் பிள்ளை பார்க்கும்.

வீடு நிறைய இருந்த ஜனம் கிளம்பியதும் அமைதி வந்து உட்காரும். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் அதுதான் கனமான நாள். அதிலும் வீட்டில் ஒருவரை இழந்த பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ் என்றால் சொல்லவே வேண்டாம். பிள்ளைகள் வாரத்தில் ஒரு குறித்த நேரத்தில் போன் பண்ணினால் அந்த நேரத்துக்காகவே அவர்கள் காத்திருப்பார்கள். இரண்டு வாரத்துக்குமேல் சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல், "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று பேசினால் அது வயசுக் கோளாறு இல்லை. மன நோய்க்கும் கிளினிக்கில் மருந்து உண்டு.

ராத்திரி ஜெபம் ஒரு நல்ல கடிகாரம்

கிறிஸ்தவ வீடுகளில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் குடும்பமாக உட்கார்ந்து ஜெபிப்பது. பண்டிகைக் கூட்டத்தில் அது சில நாள் விட்டுப்போயிருக்கும். சுகாதாரக் கண்ணோடு பார்த்தாலும் அதை மறுபடி தொடங்குவது நல்லது. ஏனென்றால் வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் இருக்கும் சமயம் அது ஒன்றுதான். அந்தக் கால் மணி நேரத்தோடு வேறு சில காரியங்களைக் கோத்துவிடுங்கள்:

7.30-க்குச் சாப்பாடு. 8 மணிக்கு ஜெபம். ஜெபத்துக்கு உட்காரும் முன்னே ராத்திரி மருந்து. வேதப்புத்தகம் இருக்கும் அலமாரியிலேயே, சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத மேல் தட்டில் மருந்து டப்பா இருக்கட்டும். ஜெபம் முடிந்ததும் இனிப்புநீர்க்காரரின் பாதத்தை வீட்டில் ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கட்டும். நாளைக்குக் கொண்டுபோகும் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பி வையுங்கள். 8.30-க்குப் பிள்ளைகள் படுக்கை. 9.30-க்குப் பெரியவர்கள். நாலரைக்கு எழுந்தாலும் ஏழு மணி நேரத் தூக்கம் கிடைத்துவிடும்.

பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ சாம்பல் புதன் வரும். அதோடு தவக்காலம் தொடங்கும். கத்தோலிக்கச் சபையின் சட்டப்படியே நோயாளிகளுக்கு உபவாசக் கடமை இல்லை. அறுபது தொடங்கியவர்களுக்கும் இல்லை. ஊசி போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், வெயிலில் பாரம் தூக்குகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்க வேண்டாம். பலகாரத்தையும் சீனிக் கோப்பியையும் நாற்பது நாள் விடுவது உடம்புக்கும் ஒரு நல்ல தவம்தான்.

சட்டம் தந்த உரிமை

"லீவு முடிஞ்சு வந்த மறுநாளே எம்.சி.யா?" என்ற பேச்சுக்குப் பயந்து காய்ச்சலோடு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாளும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாளும், ஐந்து ஆண்டும் அதற்குமேலும் ஆனவருக்கு 22 நாளும் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் அந்த 60 நாள் தனிக்கணக்கு; முன்போல் சாதாரண நோய் விடுப்பை அதில் கழிப்பதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த விடுப்பை எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளியில் டாக்டரைப் பார்க்கலாம். அரசின் உதவித் தொகை பெறும் குடும்பங்களில் 40 வயது ஆனவர்களுக்கு, 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடற்பரிசோதனை இருக்கிறது. புது வருஷத்துக்குப் புதுச் சட்டை வாங்கியாயிற்று. இரத்த அழுத்தமும் சீனியும் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கிறிஸ்தவ வீட்டை வைத்து எழுதினோம். ஆனால் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் பிறகு மற்ற வீடுகளில் நடப்பதும் இதுதான். நோய் மதம் பார்த்து வருவதில்லை. நட்சத்திரத்தை இறக்கிப் பத்திரமாக மடித்து வைக்கிறோம், அடுத்த ஆண்டுக்கு வேண்டுமென்று. அதைத் தொங்கவிடும் கையும் அடுத்த ஆண்டு நடுங்காமல் இருக்க வேண்டாமா? இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், அப்பாவின் மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள்.